நான்கு படங்களுக்குச் சிவநாயகி வைத்த ச

சிவநாயகி விண்வெளிப் படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்தவள் அல்ல. பார்க்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். கண்ணாடித் தொப்பி போட்டு மிதக்கிறவர்கள் எல்லாரும் அவளுக்கு ஒரே முகம். அப்படிப்பட்டவளிடம் போய், அல்தாரா என்ற விண்கலத்தைப் பற்றி வந்த நான்கு படங்களில் எந்தப் படத்தின் இசை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். உலையில் அரிசி கிடப்பதையும் மறந்து பேசுவாள். படத்தில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தெரியாது.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் மூன்றாம் மாடி வீடு, பியோர்ண்டாலில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. கணவர் பிலேந்திரன் டிராம் பணிமனையில் சக்கரம் பார்க்கிறவர். ஒரே மகள் யாழ் படிக்கப் பெர்கனுக்குப் போய்விட்டாள். பகல் முழுவதும் அவள் முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கும் அன்ரி. மாலையில் பிலேந்திரன் வீட்டம்மா. வெள்ளிக்கிழமை கோயிலில் யாழின் அம்மா. செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் அவள் வெறும் சிவநாயகி. அன்றுதான் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவளுடைய ஆர்கெஸ்ட்ரா கூடும். சம்பளம் கிடையாது, புகழும் கிடையாது. பல் வைத்தியரும் தபால்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து வாசிக்கிற கூட்டம் அது. அதில் இரண்டாம் வயலின் பகுதியில், மூன்றாவது வரிசையில், ஊன்னி என்ற நோர்வேஜியப் பெண்ணோடு ஒரே தாங்கியில் இசைத்தாள் பார்த்து வாசிக்கும் இடம் அவளுடையது. அந்த நாற்காலியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஊன்னியின் மகன் முன்பு சிவநாயகியின் பாலர் பள்ளியில் இருந்தான். ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஊன்னி, சிவநாயகி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிப் பிள்ளைகளுக்கு வாசிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அடுத்த செவ்வாயே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, வயலினைத் தாடைக்கு அடியில் இடுக்கி, முப்பது பேரோடு ஒரே திசையில் வில் இழுப்பதற்குச் சிவநாயகி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. பிலேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டார்.

கழுத்து ஒருவழியாகப் பழகியது. தாள்தான் பழகவில்லை. ஐந்து கோட்டில் தொங்கும் கறுப்புப் புள்ளிகளை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதிதாக என்ன வந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலால் புள்ளிகளுக்குக் கீழே ச ரி க ம என்று தமிழில் எழுதிவிடுவாள். எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை, ச எங்கே என்று முடிவு செய்வது. நமது சங்கீதத்தில் ச-வை எந்த உயரத்திலும் வைத்துக்கொள்ளலாம். வைத்துவிட்டால் மற்ற ஆறு சுரமும் அதைப் பார்த்தபடிதான் நிற்கும். ஊன்னி இந்த எழுத்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை முறையிட்டதில்லை, பாவம். தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு இடையில் புள்ளிகளைத் தேடிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அல்தாரா வந்து சேர்ந்தது. ஒரு படத்துக்கு ஓர் இசையமைப்பாளர் என்று நான்கு படத்துக்கும் நான்கு பேர். நால்வருடைய இசையிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, நவம்பரில் குரோருட்டில் ஒரு தேவாலயத்தில் வாசிப்பதென்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஹல்வோர் முடிவு செய்திருந்தார். சிவநாயகி நான்கையும் மேசையில் பரப்பிக்கொண்டு ச தேடத் தொடங்கினாள்.

முதல் படத்துக்கு இசையமைத்தவர் ஓர் ஆங்கிலேயர். நல்ல மனிதர். ச-வைத் தொடக்கத்தில் ஓரிடத்தில் உட்கார வைத்தார், கடைசிவரை எழுப்பவில்லை. ட்ரம்பெட்டுகள் ஊர் கேட்க முழங்கும். இரண்டாம் வயலின்கள் அடியில் ச-ப, ச-ப என்று ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கும் அடுப்படிக்கும் ஓடுகிறவர்களை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அந்த ஓட்டம்தான் இது. சிவநாயகிக்கு ஓடிப் பழக்கம் இருந்ததால் குறை ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாமவர் பிரெஞ்சுக்காரர். மெட்டு அழகுதான், ஆனால் மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நாலு அடி போவதற்குள் ச-வைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விடுவார். சிவநாயகி எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாளே ஓரிடத்தில் கிழிந்துபோயிற்று. ஆனால் நடுவில் ஓரிடத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து, இரண்டாம் வயலின்களுக்கு மட்டும் ஒரு சின்ன மெட்டைக் கொடுத்திருந்தார். அந்த ஒன்றுக்காகச் சிவநாயகி அவருடைய அலைச்சல் முழுவதையும் மன்னித்துவிட்டாள்.

நாலாமவர் அமெரிக்கர். ஆங்கிலேயருடைய மெட்டையே எடுத்து, பாதி வேகத்துக்கு இறக்கி, கீழே பெரிய பறைகளை முழங்க விட்டிருந்தார். ச அசையவே அசையாது. மீன் குழம்புக்குப் புளி காணுமா காணாதா என்று யோசித்துக்கொண்டே வாசிக்கலாம்.

சிக்கல் எல்லாம் மூன்றாமவரிடம்தான். அவர் போலந்துக்காரர். மெட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. புல்லாங்குழல் எங்கிருந்தோ எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ளும், செல்லோக்கள் அடியில் புரண்டு படுக்கும். இரண்டாம் வயலின்களுக்கு நீளமாக ஒரே ஒரு சுரம். இழு, இழு, இழுத்துக்கொண்டே இரு. ச எங்கே? சிவநாயகி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கண்டுபிடிக்க முடியவில்லை. ச இல்லாமல் ஒரு சங்கீதம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கோ இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து, கிட்டத்தட்டப் பொருந்துகிற ஓரிடத்தில் ச-வை வைத்தாள். அந்தக் கணக்கில் இழுத்துப் பிடிக்க வேண்டிய சுரம் நி ஆயிற்று.

இங்கேதான் வந்தது வினை. நமது வயலின்காரர்களிடம் போய், ச-வுக்கு ஒரு படி கீழே இருக்கும் நி-யை அசையாமல் நிறுத்திவை என்று சொல்லிப் பாருங்கள். விரல் கேட்காது. நி என்றால் அது மேலே ச-வை ஒரு எட்டுத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கை படிந்திருக்கிறது. சிவநாயகி தாளில் நி என்று படித்தாள், விரல் தன் பாட்டில் மேலே போய் வந்தது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

ஹல்வோருக்குத் தெரிந்தது. அடுத்த ஒத்திகையில் போலந்துக்காரரின் துண்டைப் பாதியில் நிறுத்தி, இரண்டாம் வயலின்களில் யாரோ ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேரப் பார்க்கிறார், இங்கே யாரும் எங்கும் போய்ச் சேருவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், சிவநாயகியும் சிரித்தாள். அடுத்த வாரமும் நிறுத்தினார். இந்த முறை சிரிக்கவில்லை. வரும் செவ்வாய் இரண்டாம் வயலின்கள் ஒவ்வொருவராகத் தனியே இதை வாசித்துக் காட்டட்டும், சரிவராதவர் கச்சேரியில் இந்தத் துண்டுக்கு வெளியே இருக்கட்டும் என்றார். கடுமையான மனிதர் அல்ல அவர், குரல்கூட உயரவில்லை. ஆனால் அந்த ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கச்சேரியில் ஒரு துண்டுக்கு வெளியே உட்கார்ந்தவர், அடுத்த பருவத்தில் தன் நாற்காலியைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இசைக் கல்லூரியில் படிக்கும் பெண்கள் நாலைந்து பேர் எப்போதும் காத்திருந்தார்கள்.

ரயிலில் வரும்போது ஊன்னி சிவநாயகியின் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ ஆறுதல் சொன்னாள். இவள் காதில் எதுவும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை இல்லாத ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட் கடைத்தொகுதியில் சீதாராமன் அகப்பட்டான். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், இரண்டு தெரு தள்ளி மனைவி விசாலத்தோடு இருந்தான். படங்களின் பின்னணி இசைத் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி அடுக்கிவைப்பது அவனுடைய பைத்தியம். அல்தாரா என்று சிவநாயகி வாயெடுத்ததுதான் தாமதம், தக்காளிக் கூடைக்குப் பக்கத்திலேயே விரிவுரை தொடங்கிவிட்டது. அவனுடைய வரிசை இவளுடையதற்கு நேர் எதிர். ஆங்கிலேயர் எல்லாருக்கும் பிடிக்கும் சாம்பார், பிரெஞ்சுக்காரர் சும்மா ஷோ, அமெரிக்கர் ஈயடிச்சான் காப்பி. போலந்துக்காரர் ஒருவர்தான் மேதை.

ச கிடைக்கவில்லை என்று இவள் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "அக்கா, அதுதான் பாயிண்ட்டே. இதுல ச கிடையாது. வீடே இல்லாத ஃபீலிங். உங்களுக்குத்தான் இது எல்லாரையும் விட நல்லாப் புரியணும்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, போரில் ஊர் இழந்து வந்தவள் என்ற அனுதாபத்தோடு வேறு சொன்னான்.

சிவநாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு வீடு இருக்குத் தம்பி. உந்தா, மூண்டாம் மாடி, பல்கனியிலை சிவப்புப் பூச்சாடி தெரியுதெல்லே, அதுதான். எனக்கு வேணுமெண்டது உந்தச் சுரத்தை அசையாமல் பிடிக்க ஒரு வழி" என்றாள்.

அவன் அசடு வழிந்தான். ஆனால் கெட்டிக்காரன், உடனே ஒரு யோசனை சொன்னான். அந்த நீளமான சுரத்தையே ச என்று வைத்துக்கொள்ளலாமே, ச அசையாதே என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. சிவநாயகி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்து அப்படியே எழுதி வாசித்துப் பார்த்தாள். சுரம் அசையவில்லை, உண்மைதான். ஆனால் ச என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் அதைக் கூச்சத்தோடு வாசிக்க வரும்? வில் தானாக அழுந்தியது. பாட்டு முடிந்து மங்களம் பாடுகிற மாதிரி முழு உரிமையோடு ஒலித்தது. முன்பு வீட்டுக்குப் போகப் பார்த்தவள் இப்போது வீட்டுக்குள் வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள் என்று ஹல்வோர் சொல்வார். அவள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சீதாராமன் வீட்டுக்குக் கூப்பிட்டான், மூன்றாம் படத்தையே பார்த்துவிடலாம் என்று. விசாலம் கேசரி கிண்டி வைத்திருந்தாள். சிவநாயகி தூங்கிவிடக் கூடாது என்று தன் தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்த்தாள். விண்கலம் வழி தவறிவிடுகிறது. அதில் இருப்பவர்கள் நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே மேசையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள். யாரும் ஒன்றும் பேசுவதில்லை. இதோ இதுதான் உங்கள் இடம் என்று சீதாராமன் கையைக் காட்டினான். சிவநாயகிக்குக் கேட்டது. ரொட்டி சாப்பிடுகிறவர்களின் கீழே, மெலிதாக, அந்த ஒற்றைச் சுரம்.

கேசரித் தட்டோடு வந்த விசாலம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, இவ்ளோ நேரமா மியூசிக்கே போடலையே இந்த சீன்ல?" என்றாள்.

சீதாராமனுக்கு மானம் போய்விட்டது. முழுக்க முழுக்க இசைதான் ஓடுகிறது, முப்பது வயலின் வாசிக்கிறது, காது கேட்கவில்லையா என்று பாய்ந்தான். விசாலம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். சிவநாயகி மட்டும் திரும்பி, போகிற விசாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போலந்துக்காரர் முப்பது வயலினைப் பிடித்து உட்காரவைத்து, யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். குளிர்பெட்டியின் இரைச்சல் மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதற்கு ச-வும் இல்லை, நி-யும் இல்லை. கேசரி அருமை என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

போனதும் அழிறப்பரை எடுத்து அந்தத் தாளிலிருந்த தமிழ் எழுத்துக்கள் எல்லாவற்றையும் அழித்தாள். வெறும் புள்ளிகள் மிஞ்சின. அடுத்த நாள் வேலையிலிருந்து வந்ததும் குசினியில் நின்று, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், அந்தச் சுரத்தை இழுத்தாள். பெயர் இல்லாத ஒரு சுரத்தை வாசிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. விரல் எங்கே போகவேண்டும் என்று தெரியாமல் முதலில் அலைந்தது, பிறகு போக இடமில்லாததால் நின்றது. வில்லை இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். செவ்வாய் மாலை ஹல்வோர் முன்னால் தனியாக வாசித்தபோதும் விரல் நின்ற இடத்தில் நின்றது. ஹல்வோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், ஆம், இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஊன்னி தாங்கிக்கு அடியில் அவள் முழங்காலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. தேவாலயம் நிறைந்திருந்தது. சீதாராமனும் விசாலமும் முன்வரிசையில் இருந்தார்கள். பிலேந்திரன் எப்போதும்போலக் கடைசிக்கு முந்திய வரிசையில், குளிர் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலேயர் முழங்கினார், பிரெஞ்சுக்காரர் அலைந்தார். பிரெஞ்சுக்காரர் கொடுத்த அந்தச் சின்ன மெட்டு வந்தபோது சிவநாயகி உச்சி குளிர்ந்துபோய் வாசித்தாள். பிறகு போலந்துக்காரர் வந்தார். அவள் வில்லை வைத்தாள், இழுத்தாள், கரைந்துபோனாள். தன் வயலின் எது, ஊன்னியின் வயலின் எது என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது அந்த நாற்காலி தனக்குத்தான் என்ற நிம்மதி வந்தது.

வெளியே இருட்டிவிட்டது. சீதாராமன் அவளைக் கதவடியில் மடக்கி, போலந்துக்காரரை அமர்க்களப்படுத்திவிட்டீர்கள் அக்கா என்று பாராட்டித் தள்ளினான். சிவநாயகியும் பிலேந்திரனும் ரயில் ஏறி, தோயனில் இறங்கி மாறி, மோர்டென்ஸ்ருட் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வயலின் பெட்டி அவர் மடியில் இருந்தது. அவர் நெடுநேரமாக எதையோ கேட்க நினைத்துத் தயங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"மூண்டாவது துண்டுக்கு உமக்கு வில்லு ஏதும் பழுதாப் போச்சோ?" என்றார் கடைசியில்.

"இல்லையே, ஏன்?"

"மற்ற மூண்டிலையும் உம்மடை சத்தம் எனக்குத் தனியாக் கேட்டது. அதிலை மட்டும் கேக்கேல்லை. ஏலாமல் போய், சும்மா வில்லை இழுத்துக்கொண்டு இருக்கிறீரோ எண்டு பயந்துபோனன்."

சிவநாயகிக்கு முதலில் புல்லரித்தது. கேட்கவில்லை! பணிமனையில் சக்கரத்தின் கீறலைக் காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதருக்குக்கூடக் கேட்கவில்லை! அடுத்த நொடியே மற்றது உறைத்தது. மற்ற மூன்றிலும் கேட்டதா? தனியாகவா?

எவ்வளவு காலமாக இப்படிக் கேட்கிறது என்று மெல்லக் கேட்டாள்.

"எப்பவும்தான்" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல. "அவையள் எல்லாரும் நேரை போக, உம்மடை மட்டும் கொஞ்சம் மேலை போய்த் திரும்பி வரும். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் இருப்பன். இல்லாட்டி உந்தப் பெரிய சத்தத்துக்கை எனக்கு என்ன விளங்கும்? அதைக் கேக்கத்தானே வாறனான்."

ரயில் ஹெல்லெருட்டைத் தாண்டியது. சிவநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. ட்ரம்பெட்டுகளும் பறைகளும் மெட்டின் நெளிவும் மூடி மறைத்ததால் ஹல்வோரிடம் அகப்படாமல் போன அவளுடைய பிழை அத்தனையையும், இந்த மனிதர் வருடக்கணக்காகக் கடைசிக்கு முந்திய வரிசையில் மேலங்கியோடு உட்கார்ந்து, ஒன்று விடாமல் பொறுக்கியெடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இதை ஒரு நாள்கூட வாய் திறந்து சொன்னதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் நாலு பேரிலும் யார் மோசம் என்று கேட்டாள்.

"மூண்டாவது ஆள்தான்" என்றார் பிலேந்திரன் யோசிக்காமல். "அந்தாளின்ரை பாட்டிலை நீர் இல்லையே."

சிவநாயகி அவர் மடியிலிருந்த பெட்டியின் மேல், அவர் கையோடு தன் கையையும் வைத்தாள்.

"உதைப் போய் ஹல்வோரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.